ஏரிக்கரைப் பிள்ளைகளின் கட்-ஆஃப்

2020 ஜூன் 9 அன்று, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு கிடையாது என்று தமிழக அரசு அறிவித்தது. கொரோனா ஊரடங்கில் தள்ளிப்போய்க்கொண்டே இருந்த தேர்வு அது. 9 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் வீடுகளில் அன்றைக்குத்தான் நிம்மதி வந்தது. சரி, மதிப்பெண் எப்படிப் போடுவார்கள்? அரசு ஒரு கணக்குச் சொன்னது. காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளில் எடுத்ததிலிருந்து 80 விழுக்காடு, வருகைப் பதிவேட்டிலிருந்து 20 விழுக்காடு.

நெருக்கடியில் போட்ட கணக்கு. வேறு வழியும் பெரிதாக இருக்கவில்லை. ஆனாலும் அந்த 20-ஐக் கையில் எடுத்துக்கொண்டு சுண்ணாம்புக்குளத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும்.

திருவள்ளூர் மாவட்டத்தில் கும்மிடிப்பூண்டி ஒன்றியம். ஆந்திர எல்லைக்குப் பக்கத்தில், பழவேற்காடு ஏரியை ஒட்டிய ஊர். ஏரியில் கிளிஞ்சல் வாரிச் சுண்ணாம்பு சுட்ட கரை இது. மடவை, கொடுவா, இறால், நண்டு, இவைதாம் இந்தக் கரையின் ரொக்கம். வலையில் மீன் பட்டால் விடியும் முன்பே வீட்டுக்கு ஆள் வேண்டும். மீனை வலையிலிருந்து கழற்ற ஒரு கை, ஐஸ் போட்டு அடுக்க ஒரு கை, அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டால் சின்னதுகளைப் பார்த்துக்கொள்ள ஒரு கை. பள்ளிக்கூட மணியைப் பார்த்து மீன் படுவதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் தாழ்வான சாலைகளில் தண்ணீர் நிற்கும். அன்றைக்கும் பதிவேட்டில் ஆப்சென்ட்தான்.

வருகைப் பதிவு எல்லாருக்கும் ஒரே அளவுகோல் என்று சென்னையில் கோப்பெழுதுகிறவருக்குத் தோன்றலாம். ஏரிக்கரையில் அது குடும்பத்தின் வருமானத்தையும் மழையையும் சேர்த்தே அளக்கிறது. மீதி 80-ம் அப்படித்தான். அரையாண்டுத் தேர்வு டிசம்பரில் வரும். புயல் மாதம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையையும் திருவள்ளூரையும் மூழ்கடித்தபோது அரையாண்டுத் தேர்வையே தள்ளிவைக்க வேண்டியிருந்தது. 2019 டிசம்பரில் அரையாண்டு எழுதிய பிள்ளைக்கு, தான் எழுதுவது பொதுத்தேர்வின் பெரும்பங்கு என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. சொல்லியிருக்கவும் முடியாது.

இந்தக் கட்டுரை அந்த ஒரு வருடத்தைப் பற்றியது அன்று. மதிப்பெண்ணைக் கணக்கிடும் முறை தமிழ்நாட்டில் நாற்பது ஆண்டுகளில் பலமுறை மாறியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் சட்டசபையிலும் நீதிமன்றத்திலும் தொலைக்காட்சியிலும் வாதம் நடந்தது. அந்த மாற்றங்கள் இந்தக் கரைக்கு எந்த உருவத்தில் வந்து சேர்ந்தன என்பதைப் பார்க்கலாம்.

300, 200, 1200, 600

இன்றைக்கு நாற்பது, ஐம்பது வயதில் இருப்பவர்களுக்கு 300 என்ற எண் மறந்திருக்காது. 1984-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மருத்துவம், பொறியியல் படிப்புகளுக்கு நுழைவுத் தேர்வு வந்தது. பிளஸ் டூ பாட மதிப்பெண்ணிலிருந்து 200, நுழைவுத் தேர்விலிருந்து 100, மொத்தம் 300-க்குக் கட்-ஆஃப். அந்த 100-க்காக நகரங்களில் கோச்சிங் சென்டர்கள் முளைத்தன. பிளஸ் டூ தேர்வு முடிந்த மறுநாளே நகரத்துப் பிள்ளை கோச்சிங்குக்குப் போனான். கிராமத்துப் பிள்ளை விண்ணப்பப் படிவம் எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டிருந்தான்.

பேராசிரியர் மு. அனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழு ஆராய்ந்து அறிக்கை கொடுத்தது. 2006-இல் சட்டம் வந்தது. 2007-இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்து நுழைவுத் தேர்வு ஒழிந்தது. கட்-ஆஃப் 200 ஆனது. கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. பள்ளியில் படித்ததற்கே மதிப்பு என்றானது. தமிழ்நாட்டின் கல்வி வரலாற்றில் கிராமத்துப் பிள்ளைக்குச் சாதகமாக நடந்த பெரிய மாற்றங்களில் இதுவும் ஒன்று என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அது எவ்வளவு பெரியது என்று பார்க்க ஏரியின் வடகரைக்குப் போனால் போதும். பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. இரண்டு கரையிலும் ஒரே உப்புத் தண்ணீர், ஒரே மடவை. தெலுங்கும் தமிழும் கலந்து பேசும் வீடுகள். ஆனால் அந்தக் கரையில் பொறியியலுக்கு இன்றும் நுழைவுத் தேர்வு உண்டு. இந்தக் கரையில் கிடையாது. ஒரு பிள்ளை எந்தக் கரையில் பிறக்கிறது என்பதைப் பொறுத்து அதற்கு ஒரு தேர்வு கூடுகிறது, குறைகிறது.

அடுத்த பெரிய புரட்டல் 2017-இல். அந்த மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்தபோது ஸ்டேட் ஃபர்ஸ்ட் யார் என்ற அறிவிப்பே இல்லை. ரேங்க் பட்டியல் முறையைப் பள்ளிக் கல்வித் துறை நிறுத்திவிட்டது. மாணவர் வாயில் இனிப்பு ஊட்டும் பெற்றோர் படங்கள் நாளிதழ்களின் முதல் பக்கத்தை விட்டு இறங்கின. செங்கோட்டையன் அமைச்சராக இருந்த அந்த ஆண்டிலேயே இன்னொரு முடிவும் வந்தது. பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு. பாடத்துக்கு 200 என்றிருந்தது 100 ஆனது. 1200 என்ற மந்திர எண் போய் 600 வந்தது.

இதில் யாரும் அதிகம் பேசாத ஒரு கணக்கு இருக்கிறது. பழைய 200 மதிப்பெண் தாளில் கணக்கில் ஒரு மார்க் போனால் கட்-ஆஃபில் அரை குறையும். இயற்பியலில் ஒன்று போனால் கால் குறையும். இப்போது கணக்கில் ஒரு மார்க் போனால் கட்-ஆஃபில் முழுதாக ஒன்று போகிறது. இயற்பியலில் ஒன்றுக்கு அரை. தாள் சுருங்கச் சுருங்க ஒவ்வொரு மார்க்கின் எடையும் கூடிவிட்டது. கட்-ஆஃபில் ஒன்று குறைந்தால் தரவரிசையில் எத்தனை பேர் முன்னால் போய் நிற்பார்கள் என்பது கலந்தாய்வுக்குப் போய்வந்த குடும்பங்களுக்குத் தெரியும்.

ஒரே கட்-ஆஃப் வாங்கியவர்களின் கூட்டமும் பெருகும். அப்போது கணக்கு மார்க்கைப் பார்க்கிறார்கள், பிறகு இயற்பியல், பிறகு மற்ற மதிப்பெண்கள். எல்லாம் ஒன்றாக இருந்தால் கடைசியில் பிறந்த தேதி. வயதில் மூத்தவருக்கு முன்னுரிமை. அதுவும் ஒன்றென்றால் ரேண்டம் எண். அதாவது குலுக்கல்.

ஏரியில் வேறு குலுக்கல்

குலுக்கல் என்றதும் இந்த ஏரியில் இருப்பவர்களுக்கு நினைவு வருவது பாடு. பழவேற்காட்டில் கோட்டைக்குப்பம், நடூர்மாதாகுப்பம், ஆண்டிகுப்பம் ஆகிய ஊர்களில் தலைமுறை தலைமுறையாக நடக்கும் ஏற்பாடு அது. முகத்துவாரத்துக்கு அருகில் இறால் நன்றாகப் படும் இடங்கள் உண்டு. அந்த இடங்களில் சுத்துவலை போட எல்லாரும் ஒரே நேரத்தில் போய் நின்றால் சண்டைதான். அதனால் முறை வைத்து, சீட்டுப் போட்டு, இன்றைக்கு இந்த இடம் இவருக்கு, அடுத்த முறை அவருக்கு என்று பிரித்துக்கொள்கிறார்கள். கெட்டிக்காரனுக்கும் சுமாரானவனுக்கும் நல்ல இடம் சுற்றி வரும். மீன்வளம் பற்றிப் படிக்கிற ஆய்வாளர்கள் வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்து இதை எழுதியிருக்கிறார்கள்.

இதைப் புகழும்போது இன்னொரு பாதியையும் சொல்ல வேண்டும். பாடு முறையில் சீட்டு எடுக்க முதலில் தலைக்கட்டுப் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். குறிப்பிட்ட ஊர், குறிப்பிட்ட சமூகம், கல்யாணமான ஆண். அந்தப் பட்டியலுக்கு வெளியே இருப்பவர்களுக்குக் குலுக்கலின் நியாயம் எட்டாது. கையாலேயே தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்கள் இந்த ஏரியைச் சுற்றி உண்டு. அவர்களுக்குப் பாடு இல்லை.

கல்லூரிச் சேர்க்கையிலும் இதே கதவு இருக்கிறது. நாம் கட்-ஆஃபைப் பற்றியே பேசுகிறோம். கட்-ஆஃபுக்கு முன்னால் பட்டியல் ஒன்று இருக்கிறது. யாருக்கு எந்த ஒதுக்கீடு, அதை நிரூபிக்க எந்தக் காகிதம்?

இருளர் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். பழங்குடியினருக்கு 1 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. மற்றவர்களுக்குச் சாதிச் சான்றிதழ் வட்டாட்சியர் அளவிலேயே முடிந்துவிடும். பழங்குடிச் சான்றிதழ் வருவாய்க் கோட்ட அலுவலகம் வரை போக வேண்டும். இந்தப் பகுதிக்கு அது பொன்னேரி. விசாரணை, முந்தைய தலைமுறையின் சான்று, மறுபடி விசாரணை. பெற்றோரிடமே சான்றிதழ் இல்லாத வீட்டில் பிள்ளைக்கு எதைக் காட்டுவது? பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்த பிறகு சான்றிதழுக்கு அலைய ஆரம்பித்தால் கலந்தாய்வு முடிந்துவிடும்.

ஆறாம் வகுப்பிலேயே தீர்மானமாகிற சீட்

2017-இல் மருத்துவப் படிப்புக்கு நீட் நுழைவுத் தேர்வு கட்டாயமானது. அந்த செப்டம்பர் 1-ஆம் தேதி, மருத்துவ இடம் கிடைக்காமல்போன மாணவி, அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதாவை இழந்தோம். பிளஸ் டூவில் 1200-க்கு 1176 எடுத்தவர். பழைய முறை இருந்திருந்தால் டாக்டராகியிருப்பார். அந்த ஒரு பெயர் தமிழ்நாட்டில் மதிப்பெண் என்ற சொல்லின் பொருளையே மாற்றிவிட்டது.

அதற்குப் பிறகு வந்ததுதான் 7.5 விழுக்காடு. ஓய்வு பெற்ற நீதிபதி பொ. கலையரசன் தலைமையிலான ஆணையம் பரிந்துரைத்தது. 2020-இல் சட்டமானது. அரசுப் பள்ளியில் படித்து நீட் தேறியவர்களுக்கு மருத்துவப் படிப்பில் உள் ஒதுக்கீடு. முந்தைய ஆண்டுகளில் விரல் விட்டு எண்ணக்கூடிய அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கே மருத்துவ இடம் கிடைத்தது. சட்டம் வந்த முதல் ஆண்டிலேயே மருத்துவம், பல் மருத்துவம் சேர்த்து சுமார் 400 பேர் உள்ளே போனார்கள். 2021-இல் பொறியியல், வேளாண்மை, மீன்வளம், கால்நடை, சட்டம் ஆகியவற்றுக்கும் இது விரிந்தது. கட்டணத்தை அரசே ஏற்கும் என்ற அறிவிப்பும் வந்தது. மீன்பிடிக் குடும்பத்துக்கு இடத்தைவிடக் கட்டணம்தான் பெரிய கதவு. அந்த அறிவிப்பின் அருமை அவர்களுக்குத்தான் தெரியும்.

ஆனால் இந்த ஒதுக்கீட்டுக்கு ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். அரசு உதவி பெறும் பள்ளி இதில் சேராது. நம் கடற்கரை நெடுகிலும் மிஷன் பள்ளிகள் உண்டு. மீனவர் பிள்ளைகளில் எத்தனையோ பேருக்கு எழுத்தறிவித்தவை. சம்பளம் அரசு கொடுக்கிறது, அதே பாடப் புத்தகம், அதே பொதுத்தேர்வு, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள். ஐந்தாம் வகுப்பு முடித்த மகளை வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று உதவி பெறும் பள்ளியில் சேர்த்த ஒரு தாய், தன் மகள் ஏழு வருடம் கழித்து இழக்கப்போவதை அந்த நிமிடம் அறிய வழியே இல்லை. புதுமைப் பெண் திட்டம் 2022-இல் தொடங்கியபோதும் மாதம் 1,000 ரூபாய் அரசுப் பள்ளி மாணவிகளுக்கே என்றிருந்தது. 2024-25 முதல் உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரித்தார்கள். உதவித்தொகையில் திறந்த கதவை இட ஒதுக்கீட்டிலும் திறக்கலாம் என்பது என் எண்ணம். அரசுப் பள்ளியின் பங்கு குறைந்துவிடும் என்ற பயம் நியாயமானது. அதற்காக விழுக்காட்டைக் கூட்டுவது பற்றிப் பேசலாம். ஓலை வீட்டுப் பிள்ளையை எந்தப் பெயர்ப்பலகைக்குக் கீழே படித்தாய் என்று கேட்டு ஒதுக்கக் கூடாது.

பிளஸ் ஒன் போனது

2025 ஆகஸ்ட் 8-இல் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் மாநிலக் கல்விக் கொள்கையை வெளியிட்டார். நீதிபதி முருகேசன் தலைமையிலான குழு தயாரித்த அறிக்கையின் வழி வந்தது. அதில் உடனே நடைமுறைக்கு வந்த முடிவு, 2025-26 முதல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு இல்லை என்பது. 2017-இல் வந்தது, 2025-இல் போய்விட்டது.

அது ஏன் வந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. மதிப்பெண்ணுக்குப் பெயர் போன பல தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தைத் தொடாமலேயே இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தை உருப்போட வைத்தன. அந்தப் பிள்ளைகள் 1200-க்கு 1150 எடுத்துக் கல்லூரிக்குப் போய் முதல் செமஸ்டரிலேயே திணறினார்கள். அதைத் தடுக்கத்தான் பொதுத்தேர்வு. முதலில் இரண்டு ஆண்டு மதிப்பெண்ணும் சேர்த்தே உயர்கல்விக்கு என்றார்கள். 2018-இல், பிளஸ் டூ மதிப்பெண் மட்டும் போதும் என்று மாற்றிக்கொண்டார்கள். எடுக்க வேண்டும், ஆனால் எண்ணப்படாது. பதினாறு வயதுப் பிள்ளைக்கு அழுத்தம் மட்டும் மிச்சம். 2025-இல் அதை எடுத்தது சரி.

கவலை வேறு இடத்தில். நீட் பாடத்திட்டத்தில் பிளஸ் ஒன் பாடமும் இருக்கிறது. வசதியுள்ள பிள்ளைக்குப் பள்ளி பிளஸ் ஒன்னை விழுங்கினாலும் கோச்சிங்கில் கிடைத்துவிடும். ஏரிக்கரைப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம்தான் பள்ளிக்கூடம், அதுதான் கோச்சிங். அங்கே பிளஸ் ஒன் இயற்பியல் ஒழுங்காக நடக்க ஆசிரியர் இருக்கிறாரா, அறிவியல் பிரிவே இருக்கிறதா என்பதில்தான் இந்த மாற்றத்தின் நன்மையும் தீமையும் தொங்குகின்றன.

மீன்வளப் படிப்பையே பாருங்கள். டாக்டர் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரி பொன்னேரியில் இருக்கிறது. ஏரிக்குப் பக்கத்தில். மீனவர் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடும் உண்டு. எந்தக் காற்றுக்கு மடவை கரைக்கு வரும், முகத்துவாரம் மணல் மூடினால் எந்த மீன் முதலில் குறையும் என்று பத்து வயதில் தெரிந்துவைத்திருக்கும் பிள்ளைதான் அந்த வகுப்பறைக்குப் பொருத்தம். ஆனால் பிளஸ் டூவில் உயிரியல் பிரிவு எடுத்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் மதிப்பெண் குறைந்ததால் வேறு குரூப் கிடைத்த பிள்ளைக்கு அந்தக் கதவு பதினைந்து வயதிலேயே மூடிவிடுகிறது. 2020-இல் வருகைப் பதிவுக்கு 20 விழுக்காடு கொடுத்தது சின்ன விஷயம் இல்லை என்பது இங்கேதான் புரியும்.

பேச்செல்லாம் மருத்துவம், பொறியியலைப் பற்றியே இருக்கிறது. இந்தப் பகுதியின் பிள்ளைகள் பலருக்குக் கல்லூரி என்றால் பொன்னேரி உலகநாத நாராயணசாமி அரசு கல்லூரிதான். கலை, அறிவியல் கல்லூரிகளின் தரவரிசை வேறு கணக்கு. மொழிப்பாடம் நீக்கி நான்கு பாடங்களுக்கு 400. 600-க்கு எவ்வளவு என்றுதான் ஊரே கேட்கும். ஆனால் பி.காம். சேரப் போகும் பிள்ளைக்கு எண்ணப்படுவது அந்த 400.

மற்ற கரைகளில்

2021-இல் பிளஸ் டூ தேர்வும் நடக்கவில்லை. பத்தாம் வகுப்பிலிருந்து 50 விழுக்காடு, பிளஸ் ஒன்னிலிருந்து 20, பிளஸ் டூ செய்முறை, அகமதிப்பீட்டிலிருந்து 30 என்று போட்டார்கள். பத்தாம் வகுப்பில் சுமாராக இருந்து பிளஸ் டூவில் எழுந்து நிற்கிற பிள்ளைகள் உண்டு. முதல் தலைமுறையாகப் படிக்கிற வீடுகளில் அது சாதாரணம். வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத பிள்ளைக்குப் படிக்கும் முறை பிடிபடவே பதினைந்து, பதினாறு வயதாகிவிடும். அவர்களுக்கு அந்த 50 விழுக்காடு பழைய கடனாக வந்து நின்றது.

முந்தைய ஆண்டு இங்கிலாந்தில் நடந்ததோடு ஒப்பிட்டால் நாம் ஒரு குழியிலிருந்து தப்பினோம். அங்கே ஏ லெவல் மதிப்பெண்ணைக் கணிக்க, ஒரு பள்ளியின் கடந்தகால முடிவுகளையும் சூத்திரத்தில் சேர்த்தார்கள். பின்தங்கிய பள்ளியில் படித்த நல்ல மாணவரையும் அந்தப் பள்ளியின் பழைய சரித்திரம் கீழே இழுத்தது. பிள்ளைகள் தெருவில் இறங்கினார்கள். 2020 ஆகஸ்ட் 17-இல் அரசு பின்வாங்கி, ஆசிரியர்கள் மதிப்பிட்ட தரத்தையே ஏற்றது.

இலங்கைத் தமிழர்களுக்கு இந்த விவகாரம் வரலாற்றுக் காயம். 1970-களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் வந்தபோது, தமிழில் தேர்வெழுதியவர் மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் சிங்களத்தில் எழுதியவரைவிடக் கூடுதல் மதிப்பெண் எடுக்க வேண்டியிருந்தது. ஒரு தலைமுறையின் கோபம் அங்கிருந்து கிளம்பியது. பிறகு மாவட்ட அடிப்படை வந்தது. 2001 முதல் இசட் புள்ளி முறை. இன்று பெரும்பாலான படிப்புகளில் 40 விழுக்காடு தகுதி அடிப்படையில், 55 விழுக்காடு மாவட்ட அடிப்படையில், 5 விழுக்காடு பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மன்னாரிலும் முல்லைத்தீவிலும் கடலை நம்பியிருக்கும் ஊர்ப் பிள்ளைக்கு இந்த மாவட்டக் கணக்கு வழி திறக்கிறது. தமிழரைத் தள்ளிவைக்கக் கைக்கொண்ட அதே கருவியின் வழியில் வந்த முறை, வன்னியின் ஏழைத் தமிழ்ப் பிள்ளைக்குக் கை கொடுப்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டில் சாதியைக் கணக்கில் எடுக்கிறோம். அது நூறாண்டுப் போராட்டத்தில் வந்தது, அதில் கைவைக்கக் கூடாது. பள்ளி வகையைக் கணக்கில் எடுக்கத் தொடங்கியிருக்கிறோம். பிள்ளை வாழும் இடத்தை இப்போது எடுப்பதில்லை. அண்ணா நகரில் இருக்கும் மீனவச் சமூகப் பிள்ளையும் சுண்ணாம்புக்குளத்தில் இருக்கும் மீனவச் சமூகப் பிள்ளையும் ஒரே எம்.பி.சி. வரிசையில் நிற்கிறார்கள். பேருந்து வராத நாளுக்கு அங்கே இடமில்லை.

நான் கேட்பது பெரிய புரட்சி இல்லை. எந்தக் கணக்கில் ஒரு பிள்ளையை அளக்கப்போகிறார்களோ, அந்தக் கணக்கை அது ஆறாம் வகுப்பில் நுழையும்போதே வீட்டில் சொல்லிவிட வேண்டும். நடுவழியில் மாற்றினால், மாற்றம் வந்த பிறகு ஆறாம் வகுப்பில் சேர்கிறவர்களுக்கு மட்டும் என்று வைக்க வேண்டும். சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், மீனவர் நலவாரிய அட்டை எல்லாம் பத்தாம் வகுப்பு முடியும் முன்பே பள்ளியிலேயே முகாம் போட்டு முடித்துக் கொடுக்க வேண்டும். இருளர் பிள்ளைகளுக்கு இன்னும் முன்பே.

2026 ஜூனில் ஆறாம் வகுப்பில் பெயர் எழுதப்படும் ஏரிக்கரைச் சிறுமி, 2033 மார்ச்சில் பிளஸ் டூ எழுதுவாள். அதற்குள் இந்தக் கணக்கு எத்தனை முறை மாறியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பெயர் எழுதும் அன்று அவள் அம்மா வலையிலிருந்து மீன் கழற்றிய கையைக் கழுவிவிட்டுப் பள்ளிக்கு வந்திருப்பாள். கேட்கிற இடத்தில் கையெழுத்துப் போடுவாள். எந்தப் பள்ளியில் போடுகிறாள் என்பதற்கு 2033-இல் என்ன விலை என்று அந்த மேசைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர் அவளுக்குச் சொல்ல வேண்டும்.